நாலு மூலையிலும் மஞ்சள்

அறுபதுகளில் இலுப்பூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து ஐ.டி.ஐ. போய் பிட்டர் வேலை படித்தவன் நான் ஒருவன்தான். இரண்டு வருஷம் இரும்பை அரத்தால் ராவி ராவி உள்ளங்கை காய்த்துப்போனது. படிப்பு முடிந்து சில மாதங்களில் திருச்சியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து நேர்முகத்துக்குக் கார்டு வந்தது. ஒரிஜினல் சர்டிபிகேட்டுடன் வரச் சொல்லியிருந்தார்கள். கிடைத்தால் மாதச் சம்பளம். மழையை நம்பிக் கடலை போடும் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளம்புகிற காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள், ஆத்தா சர்டிபிகேட்டைச் சாமி படத்தின் முன்னால் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவியிருந்தாள். வீட்டுக்கு வரும் எந்த நல்ல காகிதத்துக்கும் அவள் செய்வதுதான். பிரின்சிபால் கையெழுத்தும் சீலும் வலது கீழ்மூலையில் இருந்தன; மஞ்சளில் ஊறி அவற்றின் மை கலங்கியிருந்தது. எழுத்துத் தெரியாதவளுக்கு எல்லா மூலையும் ஒன்றுதானே. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபின் திட்ட வாய் வரவில்லை. ஈரத்தை வேட்டி நுனியால் ஒற்றினேன். மை இன்னும் பரவியது.

தொழிற்சாலை வாசலில் காகிதங்களைச் சரிபார்த்த கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, கல்யாணப் பத்திரிகையா? கையெழுத்தும் தெரியல, சீலும் தெரியல."

"எங்க ஆத்தா தெரியாமப் பூசிட்டாங்க சார். ஒரு இரும்புத் துண்டும் அரமும் குடுங்க, இங்கிட்டே செஞ்சு காட்டுறேன்."

"அதெல்லாம் உள்ள போனப்புறம். பேப்பர் சரியா இருந்தாத்தான் உள்ள விடமுடியும். டூப்ளிகேட் வாங்கிட்டு வாங்க."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மனசுக்குள் திட்டவாவது செய்திருப்பேன்.

டூப்ளிகேட் வருவதற்குள் அந்த இடங்கள் நிரம்பிவிட்டன. அடுத்த கார்டு வரவே இல்லை. இலுப்பூரில் ஆயில் இஞ்சின் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். முதலாளி சர்டிபிகேட் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பக்கமே போகாதவருக்குக் கொடுத்த அதே நாள் கூலியை எனக்கும் கொடுத்தார். ஆத்தாவிடம் நடந்ததைச் சொல்லவில்லை. படித்த படிப்புக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுப் பெண் டீச்சர் ட்ரெய்னிங் முடித்தாள். சர்டிபிகேட் வந்ததும், ராசியான கை என்று ஆத்தாவைத்தான் கூப்பிட்டார்கள்.

"பூச வேணாம் ஆத்தா. பூசுனாலும் கீழ் மூலைய விட்டுரு" என்றேன்.

"ஒரு மூலைய விட்டா வெளங்குமாடா? ஒனக்கு நாலும் பூசித்தானே வேலை கெடச்சுச்சு."

அவள் மஞ்சள் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள்; நான் பட்டறைக்குக் கிளம்பினேன்.