அக்கா வீட்டுக்காரர் கேட்ட அறை

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடும் அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். அக்காவைப் பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மச்சான் கிருத்திகை தவறாமல் மலையேறிச் சாமி கும்பிடுகிறவர். எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு காட்டேஜில் ரிசப்ஷன் வேலைக்கு நான் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணோடு உள்ளே வந்தார். என்னைக் கண்டதும் திகைத்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"நீ இங்கயா இருக்க? நல்லதாப் போச்சு. நம்ம புள்ளன்னா விஷயம் வெளிய போகாது" என்றார்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ஆதார் அட்டையை மேசையில் வைத்தார். அதிலிருந்தது அக்கா குடியிருக்கும் வீட்டு முகவரி.

"ரூம் இல்லைங்க மச்சான்."

"சாவியெல்லாம் தொங்கிக்கிட்டுக் கெடக்கே?"

"உங்களுக்கு இல்லைங்க."

மறுநாளே லீவு போட்டுப் பழனிக்குப் போனேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும்டி. தெரியாத மாதிரி காலத்த ஓட்டிக்கிட்டிருந்தேன். அதையும் கெடுத்துட்ட."

ஒன்பதாவது படிக்கும் அவள் மகள் என்னை மாடிக்கு இழுத்துப்போனாள்.

"சித்தி, அப்பா எங்கன்னு அம்மா கேட்டா, கடையிலன்னு நாந்தான் சொல்லணும். அவரு போன்ல வர்ற மெசேஜ அழிக்கிறதும் நாந்தான். ரெண்டு வருசமா."

கட்டியவளுக்குச் செய்த துரோகத்தை, பெற்ற பிள்ளையின் கையால் துடைக்கவைத்திருக்கிறார்.

அன்றே அம்மா போன் செய்தாள். "மாப்பிள்ள மனசு நொந்து கெடக்காரு. வெரசா போய் மன்னிப்பு கேளு."

கேட்கவில்லை. பரீட்சை முடிந்ததும் அக்கா மகளை என்னோடு கொடைக்கானலுக்குக் கூட்டிவந்து பள்ளியில் சேர்த்தேன். அக்கா தடுக்கவில்லை, மகளின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

போன மாதம் ஊரில் ஒரு காதுகுத்து. மச்சானை முதல் பந்தியில் உட்காரவைத்து அப்பாவே இலை போட்டார். அக்கா பாயசம் ஊற்றினாள். அவர் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. செருப்பைத் தேடி மாட்டினேன். எனக்கு முன்னால் அக்கா மகள் வாசலில் நின்றிருந்தாள். இருவரும் சாப்பிடாமலே பஸ் ஏறினோம்.