முக்கால் ஸ்டானியும் வெறுங்கை அந்தோணியாரும்

1978-இல் ராயபுரம் கடற்கரையில் போய் ஸ்டானிஸ்லாஸ் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. முக்கால் ஸ்டானி என்று கேட்டால், வீட்டைக் காட்டுவதோடு, அவன் யார் வேலையை எங்கே விட்டுவிட்டு ஓடினான் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். சும்மா சொல்லக்கூடாது, படகில் படம் எழுத அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் எழுதி முடித்த படகு என்று ஒன்றும் கிடையாது. ஒரு படகில் சுறாவுக்கு வால் இருக்காது. இன்னொன்றில் 'ஆரோக்கிய மா' என்பதோடு மாதாவின் பெயர் நின்றுவிடும். வியாகுலம்மாளின் படகில் புனித அந்தோணியார் இரண்டு வருடமாக வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். கையில் இருக்கவேண்டிய குழந்தை யேசுவைக் காணோம்.

"டேய், காணாப்போனதெல்லாம் கண்டுபுடிச்சிக் குடுக்கற சாமிடா அவரு! அவரு கொயந்தயே காணோம்னா நா யாராண்ட போய் கேக்கறது?" என்று வியாகுலம்மாள் கரையில் பத்துப் பேர் முன்னால் மானத்தை வாங்குவாள். வரும் ஜூன் பதிமூன்று, அந்தோணியார் திருநாள். அதற்குள் குழந்தை வராவிட்டால் வேறு ஆளை வைத்து மொத்தப் படத்தையும் அழித்து எழுதப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், சும்மா உட்காரவே அவனுக்குத் தெரியாது. நீலம் குழைத்துக்கொண்டிருக்கும்போது ஐஸ் வண்டி போனால், வண்டிச் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்கப் பின்னாலேயே போய்விடுவான். திரும்பி வரும்போது நீலம் காய்ந்து கிடக்கும்.

சோறு போட்டது படகு இல்லை, திருவொற்றியூர் பக்கம் ஒரு சரக்கு ரயில் வேகன் ஷெட். பழுது பார்த்த வேகன்களுக்கு நம்பர் எழுதும் வேலை. அந்த மே மாதக் கடைசியில் நம்ம மகராசன் இரண்டு வேகனுக்கு ஒரே நம்பரை எழுதித் தொலைத்தான். எண்ணூருக்குப் போகவேண்டிய நிலக்கரி ஒரு மாவு மில் வாசலில் போய் நின்றது. ஃபோர்மேன் குணசேகரன் கத்தக்கூட இல்லை. "நைனா, நானும் புள்ளகுட்டிக்காரன். இன்னொரு நம்பர் தப்பா வெளிய போச்சின்னா உன்ன வச்சிக்க என்னால முடியாது" என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அதே வாரம் மகள் ரோசிக்குக் காய்ச்சல். ஆறு வயது. டாக்டர் சபீஹாவின் கிளினிக்குக்குத் தூக்கிப்போனான். மருந்து பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் வீடு வந்து சேர்ந்தான். மனைவி ஹில்டா வாசலிலேயே கேட்டாள்.

"ரோசி எங்கய்யா?"

ஓடினான். செருப்பு ஒன்று வழியிலேயே போனது. கிளினிக் பெஞ்சில் ரோசி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும், முன்பல் விழுந்த வாயைத் திறந்து ஒரே சிரிப்பு. "நீ வருவன்னு நா டாக்டரம்மாகிட்ட சொல்லிகினே இருந்தேம்ப்பா!" அவன் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

டாக்டர் அவனை உள்ளே கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார். பள்ளிக்கூடம், படகு, நிலக்கரி எல்லாவற்றையும் கேட்டார். "இது திமிரும் இல்ல, புத்திக் குறைவும் இல்ல. கவனம் ஓரிடத்துல நிக்காத ஒரு கோளாறு. நான் சீமையில ஆறு வருஷம் இப்படிப்பட்ட குழந்தைங்களைத்தான் பார்த்தேன். அதுங்களுக்குக் கொடுக்கற மாத்திரையை இப்ப பெரியவங்களுக்கும் கொடுத்துப் பார்க்கறாங்க. நாமும் பார்க்கலாமா?" ரத்த அழுத்தம் பார்த்து, சீட்டு எழுதி, வாரம் ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்.

முதல் நாள் மாத்திரை போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனவன், பத்து மணிக்குத் திடுக்கிட்டான். குணசேகரன் பேசிய ஒரு வாக்கியம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை காதில் விழுந்திருந்தது. மதியத்துக்குள் ஏழு வேகன், எல்லாம் சரி. 'மத்தவங்களுக்கெல்லாம் தினமும் இப்படித்தான் இருக்குமா?' என்று நினைத்துக்கொண்டான். முப்பத்தெட்டு வயது வரை ஒருத்தரும் சொல்லவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை அதே மாத்திரையோடு அந்தோணியார் முன் உட்கார்ந்தான். சோறு மறந்தது, தண்ணீர் மறந்தது. சாயங்காலத்துக்குள் குழந்தை யேசு முழுசாக வந்துவிட்டது. ஒரு சுருள் முடி பிசகவில்லை. வியாகுலம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். முப்பது வருடமாக மீன் விற்கிறவள். பழைய மீனைக் கண்ணைப் பார்த்தே ஒதுக்குவாள்.

"எல்லாம் கரீட்டா கீதுடா. கண்ணுதான் ஐஸ்ல வச்ச மீனு கண்ணு."

அவனுக்கும் அது தெரிந்தே இருந்தது. துணியை நனைத்து, ஈரம் காயாத குழந்தையைத் தானே துடைத்து எடுத்தான். வீட்டில் மாத்திரைப் பொட்டலத்தைப் பரண்மேல் வீசினான். "நம்பர் எழுதற கை வந்துச்சி, படம் எழுதற கை பூட்ச்சி, ஹில்டா. அது ஒண்ணுதானே எனக்குன்னு இருந்திச்சி!"

மூன்றாம் நாள் ஷெட்டில் ஒரு வேகன் நம்பரில் ஏழு என்ற எண்ணை இரண்டு தரம் எழுதிவிட்டான். பின்னால் நின்ற குணசேகரன் மண்ணெண்ணெய்த் துணியை நீட்டினார். "தொடச்சிடு. வெளிய போவல, அதனால நா பாக்கல. நாளிக்கிப் பாத்துடுவேன்."

ஹில்டா பொட்டலத்தை இறக்கி அவன் கையில் வைத்து, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். "நம்பர் வேணுமா, படம் வேணுமான்னு கேக்குது டாக்டரம்மா இந்த மாத்திர. நா இன்னா சொல்லட்டும்?" என்றான் அவன். சொல்லாமல் நிறுத்தியதற்கு முதலில் நன்றாகத் திட்டு விழுந்தது. பிறகு டாக்டர் கேட்டார்: "முன்னயெல்லாம் படம் எழுதறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

ஹில்டாதான் பதில் சொன்னாள். "ஊர் சுத்தும். வலை பாக்கும், ஐஸ் வண்டி பாக்கும். வந்து கிறுக்கும். அப்பாலதான் பெயிண்டு."

"இந்தத் தடவை எதைப் பார்த்தீங்க?"

அவன் யோசித்தான். ஒன்றையும் பார்க்கவில்லை. உட்கார்ந்தான், எழுதினான், அவ்வளவுதான். டாக்டர் அளவைப் பாதியாகக் குறைத்தார். ஞாயிறு காலையில் மாத்திரை வேண்டாம், சாக்பீஸோடு சுற்றட்டும். கிறுக்கி முடித்தபிறகு பாதி போட்டுக்கொண்டு வண்ணம் கொடுக்கட்டும் என்றார். "சரியா வருமான்னு எனக்கும் தெரியாது. செஞ்சு பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

ஜூன் பதினொன்று, ஞாயிறு. பூசை முடிந்ததும் ரோசியைக் கூட்டிக்கொண்டு கரை முழுக்கச் சுற்றினான். நண்டு பார்த்தார்கள், நாயைத் துரத்தினார்கள். அவள் கவிழ்த்த படகின்மேல் ஏறிக் காலை ஆட்டியபோது, சாக்பீஸ் தானாகக் கைக்கு வந்தது. விறுவிறுவென்று கிறுக்கினான். பிறகு பாதி மாத்திரையை விழுங்கிவிட்டு பிரஷ்ஷை எடுத்தான். ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. தலையைத் தூக்கிப் பார்த்தான், சிரித்தான், குனிந்துகொண்டான்.

திருநாளன்று சாமியார் படகுகளை மந்திரித்து ஆசீர்வதிக்க வருமுன் வியாகுலம்மாள் படகண்டை வந்தாள். அந்தோணியார் கையில் குழந்தை காலை ஆட்டிக்கொண்டு, யாரையோ கண்டுவிட்டதுபோல வாயைத் திறந்து சிரித்தது. அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் விடுவாளா?

"ஏன்டா முக்கால், கொயந்தைக்கு முன்பல்ல காணோமே! அத்த எப்ப எழுதப்போற, அட்த்த திருநாளுக்கா?"

"இல்லக்கா," என்றான் ஸ்டானிஸ்லாஸ், பக்கத்தில் நின்ற ரோசியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. "பல்லு வியுந்துட்ச்சி. படம் முடிஞ்சிட்ச்சி."