பந்துக்குத்தான் வந்தான்

சிலிப்பரைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலை பிரேக்கின் மேல் ஒருமுறை அழுத்தி எடுத்து, "ம்... முழிச்சிருக்கு" என்று சொன்ன பிறகுதான் கொர்னேலியஸ் பஸ்ஸை நகர்த்துவார். காலை ஐந்தே முக்கால். லூபோக் சீனாவிலும் வழியிலும் ஏறுகிற பதினெட்டுப் பேரை ஏழு மணிக்குள் செங் தொழிற்பேட்டையில் இறக்கிவிட வேண்டும். அவசரம்தான். ஆனாலும் ஒரு கோழி சாலையைக் கடந்தால் நிறுத்துவார். உடும்பு கடந்தால் இன்ஜினையே அணைத்துவிடுவார். "வயசான உடும்பு லா, வெரட்டாதீங்க" என்பார். இந்த மனுஷனா ஒரு காலத்தில் மலாக்காவின் வடக்குப் பக்கத்தில் பாதி ஆட்டக்காரர்களை நொண்ட வைத்தவர் என்று புதிதாக ஏறுகிறவர்கள் நம்பவே மாட்டார்கள்.

பவானேஸ்வரி நம்புவாள். தொழிற்சாலையில் இருபது வருட சர்வீஸ். டிரைவருக்குப் பின்னால் உள்ள முதல் இருக்கை அவளுடையது. "மாமா, எங்கப்பா சாவுற வரைக்கும் ஒங்க பேரச் சொல்லிச் சொல்லித்தான் முட்டிக்கு எண்ணெ தேச்சாரு" என்று பஸ் முழுவதும் கேட்கச் சொல்வாள். கொர்னேலியஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்து, மேடையில் பொன்னாடை வாங்கியவர் மாதிரி தலையைச் சாய்ப்பார். "ஒங்கப்பா நல்ல பிளேயரும்மா. நான் அடிக்கல. அவருதான் ஓடி வந்து என் கால்ல முட்டிக்கிட்டாரு."

வயது அறுபத்தாறு. ஐந்தடி நான்கு அங்குலம். கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். இரண்டு முன்னங்கால் எலும்புகளிலும் தழும்பு இல்லாத இடம் கிடையாது. எண்பதுகளில் புக்கிட் செனாங் ரப்பர் தோட்டத்துக் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர். ஓட்டம் சுமார். பந்து காலுக்கு வந்தால் அதை என்ன செய்வது என்று கடைசிவரை தெரியாது, அதை அவரே சொல்வார். ஆனால் பந்து வைத்திருக்கிறவனை என்ன செய்வது என்று நன்றாகத் தெரியும்.

அப்பப்பா, எத்தனை வித்தை! கார்னர் அடிக்கப்போகிற நேரத்தில் டிராயர் பையில் இருக்கும் கோடாலித் தைலத்தை விரலில் தொட்டுக்கொண்டு, "என்னா தம்பி, இப்படி வேர்க்குது" என்று எதிரணிக்காரனின் முகத்தைப் பாசமாகத் துடைத்துவிடுவார். பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போது பந்து எல்லைக்கு வெளியே போயிருக்கும். பந்து தலைக்கு மேல் வந்தால் பக்கத்தில் நிற்பவனின் டிராயர் நாடாவைப் பிடித்துக்கொள்வார். எகிறுவதா, மானத்தைக் காப்பாற்றுவதா என்று அவன் முடிவு செய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நடுவராக இருந்தவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி காளிமுத்து. பிஸ்கட் பெட்டியின் அட்டையை வெட்டி, மஞ்சளும் சிவப்பும் சாயம் பூசி வைத்திருந்தார். அவர் சட்டைப் பையைத் தொட்டாலே கொர்னேலியஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "கிராணி ஐயா, நாளைக்கும் நாம ஒரே தோட்டத்துலதான் இருப்போம்" என்பார். சிவப்பு அட்டை வெளியே வராமல் பைக்குள்ளேயே வியர்வையில் சாயம் போனதாகப் பேச்சு.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிக்கும் பள்ளிக்கூடக் கொட்டகையில் வாழையிலை போட்டுச் சோறு. கடைத்தெரு அணியில் முஸ்லிம் பையன்கள் பலர் என்பதால் அவர்கள் வந்தால் சைவம். யார் யாரை அடித்தானோ, அவன்தான் அவனுக்குப் பரிமாற வேண்டும். வாயால் மன்னிப்பெல்லாம் கிடையாது. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து குனிந்து ஊற்ற வேண்டும், அடிபட்டவன் போதும் என்று கையைக் காட்ட வேண்டும், கணக்கு அதோடு முடிந்தது. பந்தியில் பாதிப் பேருக்கு கொர்னேலியஸ்தான் பரிமாறுவார். ஒரு வாளி பத்தாமல் இரண்டாவது வாளிக்கு ஓடுவார். "நல்லா சாப்புடு, அடுத்த வாரம் தெம்பு வேணும்ல" என்று வேறு சொல்லிக்கொண்டே ஊற்றுவார். என்ன ஒரு திமிர்! ஆனால் யாரும் வஞ்சம் வைத்ததில்லை. அந்தக் கொட்டகையின் சிரிப்புச் சத்தத்தைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் அவருடைய குரல் கொஞ்சம் இளகிவிடும்.

அவர் ஒரே ஒருவனுக்குத்தான் பரிமாறவில்லை. அப்துல் வஹீது.

வஹீது லூபோக் சீனா கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கருவாடு, மசாலைத் தூள், பத்தேக் சாரோங் என்கிற பூப்போட்ட கைலி, எல்லாம் கிடைக்கும். அவருடைய வாப்பா வைத்த கடை. இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். சனிக்கிழமை தவறாமல் கொர்னேலியஸ் அங்கே ஆஜர். இரண்டு பேரும் தே தாரேக் டீ குடித்துக்கொண்டு, கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கும் டி.வி.யில் பந்தாட்டம் பார்ப்பார்கள். "தொட்டா உருளுறானுங்க பாய். காத்தடிச்சா விழுறானுங்க. இவனுங்கெல்லாம் தோட்டத்துல ஒரு நாள் வெளையாடியிருக்கணும்" என்று இன்றைய ஆட்டக்காரர்களைக் கரித்துக் கொட்டுவார் கொர்னேலியஸ். ஆனால் ஒன்று. யாராவது யாரையாவது அடித்து, அதைக் கேமராவில் மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காட்ட ஆரம்பித்தால் போதும், அவருக்கு ஒன்றுக்கு வந்துவிடும். எழுந்து பின்பக்கம் போய்விடுவார். நடுவர் முடிவைச் சொன்ன பிறகுதான் திரும்பி வருவார். வஹீது அதைப் பற்றி ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை.

எண்பத்து மூன்றில் நடந்தது அது. தோட்டத்துத் திடலில் அரையிறுதி ஆட்டம். வஹீது அப்போது கடைத்தெரு அணியின் ஓரத்து ஆட்டக்காரர்; ஓடினால் புல் அசையாது என்பார்கள். அடுத்த புதன்கிழமை மாநில அணித் தேர்வுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு கொர்னேலியஸின் இரண்டு காலுக்கும் நடுவே பந்தைத் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொண்டார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மூன்றாவது தடவை கொர்னேலியஸின் சொந்தத் தோட்டத்து ஜனமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்தவர்களில் ஒருத்தி, அவருக்கு நிச்சயம் செய்திருந்த பாட்ரீசியா.

அடுத்து வஹீது பந்தோடு வந்தபோது கொர்னேலியஸ் இரண்டு காலையும் நீட்டிப் பாய்ந்தார். காய்ந்த ரப்பர் கிளை முறிந்த மாதிரி ஒரு சத்தம். கடைத்தெரு ஆட்கள் குடையும் கட்டையுமாகத் திடலுக்குள் இறங்கிவிட்டார்கள். கிராணி காளிமுத்து விசிலைக் கீழே போட்டுவிட்டு ஓடியே போனார். அன்றைக்கு கொர்னேலியஸ் உயிரோடு வீடு திரும்பியிருக்க முடியாது. தரையில் கிடந்த வஹீதுதான் ஒரு கையைத் தூக்கிக் கத்தினார்: "விடுங்கய்யா அவன! அவன் பந்துக்குத்தான் வந்தான்!"

கூட்டம் நின்றுவிட்டது. கொர்னேலியஸ் அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஆமா, பந்துக்குத்தான் போனேன்" என்று போலீஸ்காரரிடம் சொன்னார், தோட்டத்து மேனேஜரிடம் சொன்னார், நாற்பது வருடமாக ஊர் பூராவும் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கில் கோழிக் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு போனார். கொட்டகையில் பரிமாற முடியாததை அங்கேயாவது பரிமாறிவிடலாம் என்று நினைப்பு. வஹீதின் தாயார் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "கோழிய யாரு தம்பி அறுத்தா?" என்று கேட்டார். "எங்கம்மாதான். ஒரே வெட்டு, நல்லா அறுப்பாங்க" என்றார் கொர்னேலியஸ் பெருமையாக. மகன் காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறான், அந்த அம்மாளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "நீ மீனு கொண்டா தம்பி. மீன யாரும் அறுக்க வேணாம்" என்று தூக்கை மூடிக் கொடுத்தனுப்பினார். அடுத்த சனிக்கிழமை, வேறெதற்கும் பயன்படுத்தாத புதுத் தூக்கில் மீன் குழம்பு போயிற்று. அதற்கடுத்த சனிக்கிழமையும் போயிற்று. பிறகு அதை நிறுத்துவதற்கு யாருக்கும் காரணம் தோன்றவில்லை. கொர்னேலியஸின் அம்மாவுக்குப் பிறகு, மனைவியாக வந்த பாட்ரீசியா சமைக்கிறார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வஹீது முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார், "கொர்னி, இது இனிமே தாங்காதாம். அறுத்து வேற முட்டி வெக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்ப ஒடஞ்ச எலும்பு கோணையா ஒட்டிக்கிச்சாம், அந்த வெனதான். திங்கக்கெழம அட்மிட் ஆவணும். மவன் ஹாசிக் சிங்கப்பூர்லேருந்து செவ்வாதான் வருவான். நீயே கொண்டு விட்டுடு."

கொர்னேலியஸ் சரி என்று சொல்லிவிட்டு வந்தவர்தான், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கத்தி படுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். சொன்னால் சனிக்கிழமை போய்விடும். இந்த வயதில் அந்த நாற்காலியும் அந்த டீயும் இல்லாமல் எங்கே போய் உட்காருவது? சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். "நான்தான் எப்பவோ ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் செஞ்சுட்டேனே, மன்னிச்சாச்சுனு சொல்லிட்டாரே" என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டார்.

மீன் அலசிக்கொண்டிருந்த பாட்ரீசியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபாதர் மன்னிச்சுட்டாரு, சரி. ஒடஞ்ச காலு ஃபாதரோடதா?" என்றார். மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, "அன்னிக்கு நானும் சிரிச்சிருக்கக் கூடாதுங்க" என்றார்.

திங்கட்கிழமை ஆட்களைச் செங்கில் இறக்கிவிட்டு, காலி பஸ்ஸோடு கடைத்தெருவுக்குத் திரும்பினார். வஹீதின் மனைவி மைமூன் பையைக் கொடுத்து, தான் மதியம் வருவதாகச் சொன்னார். பவானேஸ்வரியின் இருக்கையில் வஹீது காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். கொர்னேலியஸ் மலாக்காவுக்கு ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். கதவைத் திறக்கவில்லை. ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாய். அன்னிக்கு நான் பந்துக்கு வரல."

"தெரியும்."

கொர்னேலியஸ் திரும்பிப் பார்த்தார்.

"பந்து எங்கடா இருந்துச்சு? நடுவுல நின்னவனுக்குத் தட்டிவிட்டுட்டேன். பந்து போயி ரெண்டு எட்டு ஆனப்புறம் நீ வந்த. பந்து காலோட இருந்தா நீ பந்துக்கு வந்தியான்னு சந்தேகமாச்சும் வரும். கால்ல ஒண்ணுமே இல்லியே."

"அப்பறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"சொல்லலேன்னா கொன்னுருப்பானுங்க லா. குடக்கம்பி எல்லாம் எடுத்துட்டானுங்க. ஒரு காலுக்கு ஒரு உசுரா?"

"கோவம் வரலியா பாய்?"

"வராம? பத்து வருஷம் இருந்துச்சு. புதன்கெழம வந்தாலே வயிறு எரியும். ரேடியோவுல மலாக்கா டீம் பேரு வாசிச்சா ஆஃப் பண்ணிடுவேன். ஒன்னோட மீன் கொழம்பச் சாப்பிடுறப்ப ஒன்னயத் திட்டிக்கிட்டேதான் சாப்பிடுவேன். கொழம்பு நல்லாருந்துச்சு, என்னா செய்ய?"

"இத்தன வருஷத்துல ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

வஹீது ஜன்னல் பக்கம் பார்த்தார். "கேட்டா நீ சனிக்கெழம வர மாட்ட" என்றார்.

கொர்னேலியஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கதவைத் திறந்து கீழே இறங்கிச் சுற்றி வந்தார். பஸ்ஸின் படி உயரம். வஹீதுக்கு அந்த முட்டி மடங்காது. வாசற்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எப்படி இறங்குவது என்று தடுமாறி நின்றார். கொர்னேலியஸ் தார்ச்சாலையில் மண்டி போட்டார். இரண்டு கைகளாலும் அந்த இடது காலைத் தாங்கிப் பிடித்து, மெதுவாக, ஒவ்வொரு அங்குலமாகக் கீழே கொண்டுவந்து தரையில் வைத்தார். வஹீது நிலை தடுமாறாமல் இருக்க அவருடைய தலையில் கையை ஊன்றிக்கொண்டார். சாரோங்குக்கு அடியில், முட்டிக்குக் கீழே, எலும்பு மேடு தட்டியிருந்த இடம் கொர்னேலியஸின் உள்ளங்கையில் தட்டுப்பட்டது. பின்னால் நின்ற கார் ஹார்ன் அடித்தது. மறுபடியும் அடித்தது. கொர்னேலியஸ் கையை எடுக்கவில்லை.