கடைசிப் பேச்சாளர்

எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அவருக்குச் சம்பள வேலை. நேரக் காப்பாளர் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மைக், மனசு வைத்தால் மட்டும் சுற்றும் ஒரு மின்விசிறி. அங்கே உட்கார்ந்து அவர் ஒரு வண்டியை அழைத்தால், அதை ஓட்டுகிறவனுக்கே தன் வண்டிமேல் ஒரு மரியாதை வந்துவிடும். அப்படி ஒரு குரல். ஊரே அவரை 'மைக்' என்றுதான் கூப்பிட்டது. கோபம் வந்தால் மனைவியும், "மைக்கு, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க" என்பாள்.

கட்சிக்கு அவரை இழுத்ததும் அந்தக் குரல்தான். தலைவர் அப்போது தலைவராகவில்லை. பெரிய கட்சியிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியே வந்து, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, கார் வைக்க வழியில்லாமல் பேருந்திலேயே ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். ஒருநாள் வண்டிக்குக் காத்திருந்தவர் கூண்டின் கதவைத் தட்டித் தலையை நீட்டினார்.

"தம்பி, பஸ்ஸையே இவ்வளவு அழகா கூப்பிடுறீங்களே, மனுசங்களைக் கூப்பிட்டா எப்படி இருக்கும்! சாயங்காலம் கூட்டத்துக்கு வாங்களேன்."

போனார். அன்றிலிருந்து மேடையில் பேச்சாளர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பது அவர் பொறுப்பானது. வேலையில் இருப்பவர் மேடையேறக் கூடாது என்று விதி உண்டு. விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்ததால் பிரச்சினை வரவில்லை.

மேடைக்கு ஒரு சட்டம் இருந்தது. எங்கும் எழுதி வைக்கவில்லை, மீறினவன் தொலைந்தான். சின்னவர் முதலில் பேச வேண்டும், பெரியவர் கடைசியில். யாருக்குப் பிறகு யார் என்பதில்தான் கட்சியே நின்றது. தன்னைவிட இளையவனைத் தனக்குப் பின்னால் அழைத்துவிட்டார்கள் என்ற ஒரே எரிச்சலில் ஒருத்தர் கட்சி மாறினார். பத்திரிகைக்காரர்களிடம் கொள்கை முரண்பாடு என்றார். போன இடத்தில் மந்திரியும் ஆனார்.

கடைசி இடம் எப்போதும் தலைவருக்கு. செயலாளருக்கும் பொருளாளருக்கும் நடுவில் யார் இரண்டாவது என்ற போட்டி இருந்ததால், அவர் சாமர்த்தியமாக ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அவர்கள் இருவரையும் முன்னாலேயே பேசவிட்டு, தனக்கு முன் கட்சியின் மூத்த உறுப்பினர் ஒருவரை ஏற்றுவார். பெரியவருக்குப் பல்லும் கிடையாது, பதவி ஆசையும் கிடையாது. அவர் இருமிக்கொண்டே பேசி உட்கார்ந்ததும், மைக் குரலைத் தாழ்த்தி, தலைவரின் பெயரை இழுத்துச் சொல்வார். கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கும்.

கட்சி வளர்ந்தது. தகரக் கூரை போட்ட வாடகை அறை மூன்று மாடி ஆனது. ஆட்சிக்கு வந்தார்கள், தோற்றார்கள், மறுபடி வந்தார்கள். விட்டு வந்த பெரிய கட்சியோடு கூட்டு வைத்தார்கள், முறித்தார்கள். போன தேர்தலில் வாய் வலிக்கத் திட்டினவரை இந்தத் தேர்தலில் 'அருமை அண்ணன்' என்று அழைக்கும்போது மைக்குக்கு முதலில் நாக்கு கூசியது. அப்புறம் பழகிப்போயிற்று.

பிறகு தலைவர் இறந்தார். இரங்கல் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். யார் அடுத்த தலைவர் என்று கட்சி எங்கும் அறிவிக்கவில்லை. அன்றைக்குக் கடைசியில் அழைக்கப்படுபவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். மூத்தவர் பேசிய பிறகு செயலாளர், பொருளாளர் இரண்டு பேர் மட்டும் மிஞ்சுவார்கள். வரிசையை யார் முடிவு செய்தாலும் அடிதடி வரும் என்று பயந்து, புத்திசாலித்தனமாக எல்லோரும் மைக்கின் தலையில் கட்டிவிட்டார்கள்.

மனைவியின் அண்ணன் வக்கீல். செயலாளரின் வலது கை. அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாப்ள, நான் ஒண்ணும் கேக்கல. உங்களுக்கே தெரியும். மாத்தி ஏதாவது நடந்துச்சு, அப்புறம் நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"என்னண்ணா இது, கட்சிப் பேச்சை வீட்டுக்குள்ள கொண்டுவந்துகிட்டு?" என்றாள் மனைவி. சிரித்துத்தான் சொன்னாள். ஆனால் முகத்தில் ரத்தமில்லை. பெற்றவர்கள் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த அண்ணன் ஒருத்தர்தான்.

பொருளாளரின் ஆட்கள் கூண்டுக்கு வந்தார்கள். மைக் இரண்டு தரப்புக்கும் தலையாட்டி அனுப்பினார். என்ன முடிவெடுத்தார் என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

கூட்டத்தன்று மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. மூத்தவர் இருமிக்கொண்டே பேசினார், அழுதார், உட்கார்ந்தார். மைக் எழுந்தார். மேடையில் இரண்டு பேர் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். பெரியவர் உட்கார்ந்தால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது இருபது வருஷமாக அந்த வாய்க்குத் தெரியும். அது அவரைக் கேட்கவில்லை. குரல் தாழ்ந்தது. இறந்துபோன தலைவரின் பெயரை இழுத்துச் சொல்லி, "இப்போது உரையாற்றுவார்" என்று முடித்தது.

கூட்டமும் பழக்கத்தில் எழுந்து நின்றது. பேச ஆள் வரவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். அந்த அழுகை முடிவதற்குள் செயலாளரும் பொருளாளரும் மேடையில் நின்ற ஒலிவாங்கியின்மேல் பாய்ந்தார்கள். இரண்டு பேர் கையும் ஒரே சமயத்தில் அதைப் பிடித்தது, இழுத்தது, அது சாய்ந்து விழுந்து ஊர் காது கிழிய அலறியது. நாற்காலிகள் பறந்தன. அடுத்த வாரமே ஒரு கட்சி இரண்டானது.

வேண்டுமென்றே குழப்பினார் என்று இரண்டு தரப்பும் அவரைத்தான் சொன்னது. வக்கீல் பேருந்து நிலையத்துக்கே வந்து, பயணிகள் முன்னால் கத்தினார்: "வித்துட்டீங்களே மாப்ள! சொந்தக்காரன்னு நம்பினேனே!"

மைக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்தி அடுத்த வண்டியை அழைத்தார். ரோஷக்காரர். கேள்வியாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார்; குற்றமாகச் சொன்னதற்கு எதற்குப் பதில் என்று இருந்துவிட்டார். மனைவியும் கேட்கவில்லை. பொருளாளரைத்தான் கடைசியில் அழைக்க இருந்தேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு.

மகள் கல்யாணத்துக்கு அழைக்க அவள் தனியாகப் போனாள். அண்ணி வாசலிலேயே பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். உள்ளே அண்ணன் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஆள் வெளியே வரவில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை. மண்டபத்தில் ஒவ்வொரு கார் வந்து நிற்கும்போதும் அவள் எட்டிப் பார்த்ததை மைக் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. பிறகு மூன்றாவதாக ஒரு புதுக் கட்சி கிளம்பி இரண்டையும் மண்ணைக் கவ்வ வைத்தது. உடனே பழைய பாசம் பொங்கியது. செயலாளரும் பொருளாளரும் தொலைக்காட்சியில் கட்டிப்பிடித்து, ஒரு தாய் பிள்ளைகள் என்று கண் கலங்கினார்கள். தொகுதிப் பங்கீட்டில் வக்கீல் காத்திருந்த தொகுதி பொருளாளர் கட்சிக்குப் போனது. செயலாளர் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வக்கீலும் செய்தியில்தான் பார்த்தார்.

மறுநாள் காலையில் வக்கீல் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாப்ள, அன்னிக்கு நாக்கு குழறலேன்னா யாரைக் கூப்பிட்டிருப்பீங்க?"

"பொருளாளரை. அவரு பேசி முடிச்சதும் கடைசியா உங்க ஆளை."

வக்கீல் நிமிர்ந்தார். "எங்க ஆளையா?"

"ஆமா. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். இவளுக்குத்தான் நீங்க வேணும்."

"அப்ப ஏன்யா சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க, மச்சான்? வித்துட்டேன்னுதானே சொன்னீங்க."

வக்கீல் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. காப்பித் தம்ளருடன் சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி அதை அப்படியே மேசையில் வைத்தாள்.

"இத எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் புருஷனிடம். "கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா நான் ஓடிப்போய் இவரு கால்ல விழுந்து கூட்டிட்டு வந்திருப்பேனே."

மைக் மேசையிலிருந்த தம்ளரை எடுத்து மச்சான் பக்கம் நகர்த்தினார்.

வக்கீல் தங்கையைப் பார்த்துக் கேட்டார். "பாப்பா எப்படி இருக்கா?"

"அவளுக்கே ரெண்டு பிள்ளைங்க, அண்ணா. மூத்தவன் அப்படியே உங்க சாடை. அவங்கம்மாவுக்கு ஒரு மாமா இருக்காருன்னே அவனுக்குத் தெரியாது."