நான் மறைத்த ஒரு வசனம்

எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் படித்தவள் நான் மட்டும்தான். அதில் எனக்குப் பெருமை அதிகம். பிள்ளையில்லாத அக்காவைக் கொட்டாஞ்சேனையில் வெள்ளைக்கார டொக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான். "குறை ஆணிடமும் இருக்கலாம், புருஷனையும் சோதிக்க வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, அக்காவுக்கு ஒரு மருந்தும் எழுதித் தந்தார் அவர். அத்தானுக்கு அவமானம் என்று எண்ணி அதை மறைத்தேன். மருந்தைப் பற்றி மட்டும் அக்காவிடம் சொன்னேன்.

ஒரு வருடம் அவள் அந்தக் கசப்பைக் குடித்தாள். அவளுடைய மாமியார் வேறு பெண் பார்க்கத் தொடங்கியபோது, அத்தானிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே, பிள்ளை. பதினாறு வயசில கூகைக்கட்டு வந்து, கன்னத்தோட எனக்குக் கீழேயும் வீங்கினது. சோதனைக்கு நான் வாறன்."

அந்த நோய்தான் காரணம் என்று சோதனையில் தெரிந்தது. அன்றே அவர் தாயிடம், "அம்மா, பொம்பிளை பார்க்கிறதை விடுங்கோ. குறை எனக்குத்தான்" என்றார்.

நான் சொல்லக் கூசியதை அவர் கூசாமல் சொன்னார். படித்தவள் என்று யாராவது என்னைப் புகழ்ந்தால், அக்காவின் மருந்துப் போத்தல்தான் நினைவுக்கு வருகிறது.