சுலோசனாவின் மீன் வைத்தியம்

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், மூன்றாவது மாடியில் இருக்கிறது அந்த வீடு. கூடத்தின் ஒரு பக்கச் சுவரை முழுக்க ஒரு மீன் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. சுலோசனாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

“மீனுன்னா குழம்பு வைக்கணும். கண்ணாடிக்குள்ள விட்டு, அதுக்குத் தோட்டம் வேற போட்டு வேடிக்கை பார்க்கிறவரை இப்பத்தான் பார்க்கிறேன்” என்பாள். அவள் கணவர் ரவிச்சந்திரன் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஆவடி தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அடியில் மணல், ஒரு மரக்கட்டை, அதைப் பற்றிப் படர்ந்த பாசி, புல் மாதிரி நீண்டு தண்ணீரில் சாய்ந்தாடும் செடிகள். நடுவே ஏஞ்சல் மீன் ஒன்று, இரண்டு விரல் அகலத் துடுப்பை விரித்துக்கொண்டு அந்த வீட்டுக்கே சொந்தக்காரி போலச் சுற்றி வரும்.

ஓய்வு பெற்ற மறு வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறின. பேச்சு தேறவில்லை. சுத்தமாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. எதைச் சொல்ல வாயெடுத்தாலும் “வண்டி” என்றுதான் வந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் வண்டி, விசிறியை நிறுத்தச் சொன்னாலும் வண்டி. அபூர்வமாக வேறொரு சொல் எட்டிப்பார்க்கும். அதுவும் அவர் நினைத்த சொல்லாக இருக்காது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சுலோசனாவிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்: “அவர் சொல்ல வர்றதை நீங்க முடிச்சு வைக்காதீங்கம்மா. ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டுக் காத்திருங்க.”

சுலோசனாவுக்குக் காத்திருக்க எங்கே நேரம்? புடவைக்கு ஃபால் வைத்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தருகிற வேலை அவளுடையது. கல்யாண மாதமென்றால் தையல் இயந்திரத்தின் மேல் புடவை மலையாகக் கிடக்கும். இடையில் குக்கர், மாத்திரை, வாசல் மணி. அவர் வாயைத் திறந்தாலே “காபியா? பாத்ரூமா? போர்வையா?” என்று அடுக்குவாள். யாராவது அவரிடம் நலம் விசாரித்தால் அதற்கும் இவளே பதில் சொல்லிவிடுவாள். அவரும் பேச முயல்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்தார். காலையில் தொட்டி முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தால் அங்கேயே கிடப்பார்.

மழை விட்டும் விடாமலும் இருந்த மார்கழியில் ஒரு நாள், அவரோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த அசோக் வந்தான். பக்கத்திலேயே நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம் அவனுடையது. கையில் காற்றடைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பை. உள்ளே நீலக் கோடு மின்னும் குட்டி மீன்கள்.

“இன்னாண்ணே, எப்படி கீறீங்க? தொட்டியையே பாத்துகினு குந்திகீறீங்கன்னு அண்ணி சொன்னாங்க. அதான் புது ஜோடிங்க கொண்டாந்துகீறேன்” என்றபடி, பையை அவிழ்த்து அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டான்.

ரவிச்சந்திரன் இடது கையை வீசி வீசி, “வண்டி! வண்டி!” என்றார்.

“பாரேன், எவ்ளோ சந்தோஷம்!” என்றாள் சுலோசனா. அசோக்கும் மனம் நிறைந்து காபி குடித்துவிட்டுப் போனான்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் தீனி போடப் போன சுலோசனா, ஏஞ்சலின் மேல் என்னவோ ஒட்டியிருப்பதைக் கவனித்தாள். ஊசியில் நூல் கோத்துக் கோத்துப் பழகிய கண். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே போனாள். உடம்பிலும் துடுப்பிலும் ரவையைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். சின்ன மீன்களின் மேலும் இருந்தன. சில மீன்கள் ஓடிவந்து மரக்கட்டையில் உடம்பைத் தேய்த்துவிட்டுப் போயின. ஏஞ்சல் துடுப்பை மடக்கிக்கொண்டு செடிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது, தீனிக்கு வரவில்லை.

அவர் இரவெல்லாம் தூங்காதவர்போல உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், “அடுப்பு” என்றார்.

“பசிக்குதா? இருங்க, தோசை ஊத்தறேன்” என்று உள்ளே போய்விட்டாள்.

தோசையை அவர் தொடவில்லை. அன்று முழுக்க எதையுமே தொடவில்லை. சுலோசனாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மீனைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, அம்பத்தூரில் ஒரு சந்துக்குள் அலங்கார மீன் கடை வைத்திருக்கும் சபீனாவிடம் போனாள். படத்தைப் பார்த்ததுமே சபீனா சொல்லிவிட்டாள்.

“ஒயிட் ஸ்பாட்டுக்கா இது. புதுசா எதுனா மீன் உட்டீங்களா?”

“தெரிஞ்சவர் ஒருத்தர் கொண்டுவந்து விட்டாரு.”

“அதுங்ககூடத்தான் வந்துகீது. பூச்சி மாதிரிக்கா, கண்ணுக்குத் தெரியாது. இந்த நீல மருந்தை ஊத்துங்க, ரெண்டு கை கல்லுப்பும் போடுங்க.”

வீட்டுக்கு வந்து மருந்து மூடியைத் திருகினாளோ இல்லையோ, ரவிச்சந்திரன் நாற்காலியின் கையில் ஓங்கி அடித்தார். “வண்டி! வண்டி! அடுப்பு!”

“என்னங்க அடுப்பு? தோசை குடுத்தா வேணாங்கிறீங்க, சோறு குடுத்தா வேணாங்கிறீங்க. உங்க மீனுக்காகத்தானே மழையில அலைஞ்சிட்டு வர்றேன்!” மருந்தைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் விழுந்த நாளிலிருந்து அவர் முன்னால் அவள் அழுததில்லை.

அழுது ஓய்ந்தபோது அவளிடம் பேசச் சொல் எதுவும் மிச்சமில்லை. சும்மா இருந்தாள். அந்த நேரத்தில்தான் அவர் குனிந்து, இடது கையால் அவள் கையைப் பிடித்துத் தொட்டிக் கண்ணாடியில் வைத்தார். சில்லென்றிருந்தது. பிறகு அதே கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார், காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்போமே, அப்படி. “அடுப்பு” என்றார், மெதுவாக.

சுலோசனா யோசித்தாள். “தண்ணியைச் சூடு பண்ணணுமா?”

அவர் தலையாட்டியபோது கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நின்றது.

“அதுக்கு ஏதாச்சும் மெஷின் வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த கேள்வி நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கிக்கொண்டாள். காத்திருந்தாள். அவர் கண் அறையைச் சுற்றி வந்து, பரணில் போய் நின்றது. முக்காலி போட்டு ஏறி, பழைய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலிருந்து கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு ஹீட்டரை எடுத்தாள். மருந்துப் புட்டியைக் காட்டி, “இது வேணாமா?” என்றாள். அவர் செடிகளைச் சுட்டிக்காட்டி, தலையைத் தொங்கப்போட்டுக் காட்டினார். மருந்தும் உப்பும் சேர்ந்தால் செடி செத்துப்போகும். தொட்டியில் செடி இருப்பதைச் சபீனாவிடம் சொல்ல வேண்டுமென்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஒரேயடியாகச் சூடாக்கக் கூடாது என்று உள்ளங்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக் காட்டினார். பிறகு கன்னத்தை உப்பி ஊதினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “குமிழி விடற மோட்டாரைக் கூட்டி வைக்கணுமா?” அதுவேதான். தண்ணீர் சூடானால் மீனுக்கு மூச்சு முட்டும்.

மூன்று நாலு நாளில் புள்ளிகள் மறைந்தன. ஏஞ்சல் செடிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து தீனி தின்றது. சுலோசனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தைத்த புடவையை வாங்கிப்போக வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வேலை முடிந்தது என்று ஹீட்டரை அணைத்தாள். அவர் “அடுப்பு” என்றார். கையில் ஒரு பட்டுப்புடவை. மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். “ஆகுதுங்க, சோறு வெந்துக்கிட்டிருக்கு” என்றாள்.

புள்ளிகள் திரும்பி வந்தன. முன்னைவிட அதிகமாக, துடுப்பே வெளுத்துப்போகிற அளவுக்கு. சின்ன மீன்களில் சில செத்து மிதந்தன. சுலோசனா மறுபடி சபீனாவிடம் ஓடி, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“செடி இருக்குன்னு மொதல்லயே சொல்லலையேக்கா. நானும் கேக்காம உட்டுட்டேன்” என்று சபீனா வருத்தப்பட்டாள். “புள்ளி போச்சுன்னா வியாதி போச்சுன்னு இல்லக்கா. மீன் மேல இருந்து உதுந்து மணல்ல குந்திக்கும். அங்க ஒண்ணு நூறாப் பெருகி மறுபடி மேல ஏறும். சார் சொன்னதுதான் சரி. புள்ளி போன பொறவும் சூடு இருக்கணும், மணலைச் சுத்தம் பண்ணிகினே இருக்கணும்.”

அவள் வீடு திரும்பியபோது ஏஞ்சல் மரக்கட்டையின் மேல் சாய்ந்து கிடந்தது. செவுள் அசையவில்லை. வலையால் எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்தாள். அவர் கையை நீட்டினார், கொடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான்தான் கேக்கல” என்றாள் அவள்.

அவர் அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். “வண்டி” என்றார்.

அதன்பிறகு தையல் இயந்திரம் தொட்டிக்குப் பக்கத்திலேயே இடம் மாறியது. ஒரு தையல் ஓட்டுவாள், நிறுத்துவாள், ஒரு கேள்வி கேட்பாள். பதில் வரும்வரை சும்மா இருப்பாள். சில நேரம் பதில் வருவதற்குள் தெருவில் காய்கறி வண்டிக்காரன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிருப்பான். இருந்தாலும் இருந்தாள். மணலைச் சுத்தம் செய்கையில் ரப்பர் குழாயை அவர் இடது கையால் மணலுக்குள் பிடித்துக்கொள்வார். மறுமுனையை இவள் வாளிக்குள் விட்டுப் பிடிப்பாள். அழுக்குத் தண்ணீர் இறங்குவதை இருவரும் தலைகுனிந்து பார்ப்பார்கள். குளோரின் போக ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற அசோக் வந்துவிடுவான். நடந்ததைக் கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்கு மனசே சரியில்லை.

“நான் கொண்டாந்ததாலதானே அண்ணே. நீங்க அன்னைக்கு வேணாம் வேணாம்னுதான் கையை ஆட்னீங்க, இல்ல?”

ரவிச்சந்திரன் அவனைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு வாளியைக் காட்டினார், அடுத்ததை எடுத்து வா என்று. அசோக் சிரித்துவிட்டான்.

மறுபடி போட்ட ஹீட்டர், கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஓடியது. பொங்கல் கழிந்து ஒரு காலை, அவரே எட்டி சுவிட்சை அணைத்தார். சின்ன மீன்களில் பாதிக்கு மேல் பிழைத்திருந்தன. செடி ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை.

மாசி பிறந்து வெயில் ஏறியதும், சுலோசனா அவரை ஆட்டோவில் சபீனா கடைக்கு அழைத்துப் போனாள். உடம்புக்கு வந்ததிலிருந்து ஆஸ்பத்திரி தவிர அவர் வேறெங்கும் போனதில்லை. அவர் கைத்தடியை ஊன்றித் தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டு நகர, சபீனா ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். சுலோசனாவுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் பிடித்துப்போயிற்று. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளாகவே ஒரு மீனைக் கேட்டாள்.

“இதை வாங்கிக்கலாங்க. எவ்ளோ அழகா இருக்கு!”

அவர் குனிந்து பார்த்தார். அது அடியில் கிடந்து வேகவேகமாகச் செவுளை அடித்துக்கொண்டிருந்தது.

“வேணாம்” என்றார்.

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. உடம்பு நன்றாயிருந்த நாளிலிருந்தே எதைக் கேட்டாலும் வேண்டாம். பெரிய சோபா வேண்டாம், ஜன்னலுக்குத் திரை வேண்டாம், இப்போது மீனும் வேண்டாமா? சண்டைக்கு வாயெடுத்த பிறகுதான், என்ன சொன்னார் என்பது காதில் ஏறியது. சபீனாவைத் திரும்பிப் பார்த்தாள். சபீனா ஸ்டூலைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள் சுலோசனா.

அவர் முயன்றார். “வண்டி” என்றுதான் வந்தது. அவருக்கே எரிச்சலாகிவிட்டது. கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“சரி, சரி. வேணாம்னா வேணாம்” என்று அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். செடி ஒன்றை மட்டும் ஈரக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டார்கள். ஆட்டோ கிளம்பியதும், கூடத்து ஜன்னல் திரையைப் பற்றி அவள் மறுபடி ஆரம்பித்தாள். என்ன நிறம் போடலாம் என்று கேட்டுவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட் சாலை நெடுகிலும் பதிலுக்காகக் காத்துக்கொண்டு வந்தாள்.