திங்கள்கிழமை ராகு காலம்

காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் நான் எப்படிக் காத்திருந்தேன்? மூன்று வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நானும் என் கணவரும் ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருடமாகிறது. அதன் பிறகு மகளின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பதில்லை. உப்பு மிளகாய் சுற்றிப் போடுவதில்லை. ராகு காலம் அச்சடித்த நாள்காட்டியைக் கழற்றிவிட்டு, வேத வசனம் போட்டதை மாட்டினேன். ஆனால் எந்தக் கிழமைக்கு எப்போது ராகு காலம் என்பது பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல எனக்கு இன்னும் மனப்பாடம்.

அன்று திங்கள்கிழமை. விடியும்போதே மகளுக்குக் காய்ச்சல். எங்கள் வீடு திண்டிவனத்தில்; கணவர் விழுப்புரத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். மகளுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரும் அங்கேதான். "நான் முன்னாடி போய் டாக்டராண்ட டோக்கன் போட்டு வெக்கிறேன். நீ பாப்பாவத் தூக்கிக்கினு ஜல்தியா வந்துடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மருந்து கொடுத்து, பையை எடுத்துக்கொண்டு நான் கதவருகே வந்தபோது மணி ஏழு முப்பத்தைந்து. திங்கள்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம்.

கால் எடுத்து வைக்க முடியவில்லை. ஜெபம் செய்தேன். ஜெபித்துக்கொண்டே கடிகாரத்தையும் பார்த்தேன். விசுவாசம் இல்லையா என்றால், அப்படியும் தோன்றவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், நேரம் பார்க்காமல் கிளம்பியதால்தான் என்று காலமெல்லாம் நினைப்பேனே என்ற பயம்.

எட்டரைக்குக் கணவர் போனில் கூப்பிட்டார்.

"எங்க வந்துக்கினு இருக்க?"

"பஸ்ஸு கிடைக்கலைங்க."

"திண்டிவனத்துலயா? நிமிஷத்துக்கு ஒண்ணு போவுதே! எல்லா டிரைவருக்கும் காய்ச்சலா இன்னா?" என்று சிரித்தார். சந்தேகப்படவே இல்லை.

ஒன்பது ஆனதும் ஓடினேன். விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது எங்கள் டோக்கன் தாண்டியிருந்தது. மறுபடி உட்கார்ந்து காத்திருந்தோம். டாக்டர் பார்த்துவிட்டு, "நூத்தி நாலு இருக்கு. இவ்ளோ நேரம் இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தீங்க? வலிப்பு வந்திருந்தா?" என்றார். "பஸ்ஸு கிடைக்கலைங்க சார்" என்று கணவர்தான் எனக்காகப் பேசினார். டாக்டரின் திட்டைவிட அதுதான் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மகள் இப்போது வீடு முழுக்க ஓடுகிறாள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபையில் பெண்கள் கூடுகையை நடத்தும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பழசையெல்லாம் சுத்தமா வுட்டவ நீ. புதுசா வந்திருக்கிற தங்கச்சிங்க கேக்கணும். அடுத்த வாரம் நீதாம்மா உன் அனுபவத்த எல்லாரு முன்னாடியும் சாட்சியா சொல்ற."

கணவருக்கு ஒரே பெருமை. "பஸ்ஸே இல்லாத அன்னிக்கும் கர்த்தர் பாப்பாவக் காப்பாத்துனாரே, அதையே சொல்லு" என்கிறார். காப்பாற்றினார் என்பது உண்மை. பஸ் இல்லை என்பது பொய்.

கேட்க வரும் பெண்களில் சிலர் என்னைப் போல இன்னும் மனதுக்குள் நேரம் பார்ப்பவர்களாக இருக்கலாம். நடந்ததை அப்படியே சொன்னால் அவர்களுக்கு ஆறுதலாகுமா, இடறலாகுமா? எதுவானாலும் முதலில் கணவரிடம் சொல்ல வேண்டும் என்பதுவரை புரிகிறது. வாய்தான் வரவில்லை. ஞாயிற்றுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. குழந்தை வளர்க்கும் சகோதரிகளே, என் இடத்தில் இருந்தால் அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.